பிடுங்கிய கட்டையைத் திரும்பப் போட்ட கதை

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், அனகோர்டெஸ் என்று ஒரு கடலோர ஊர் இருக்கிறது. அங்கே தண்ணீரை விட்டுத் தரைக்கு ஏற்றப்பட்ட ஒரு பழைய நீராவிப் படகைப் பார்க்கலாம். பின்பக்கம் துடுப்புச் சக்கரம், முன்பக்கம் பளு தூக்கும் பெரிய கை. பெயர் 'டபிள்யூ. டி. பிரெஸ்டன்'. 1929-ல் வேலைக்கு வந்தது, 1981-ல் ஓய்வு பெற்றது, இப்போது அருங்காட்சியகமாக நிற்கிறது. அந்த ஐம்பத்திரண்டு வருஷமும் அதன் முக்கிய வேலை ஆற்றில் கிடக்கும் மரங்களைப் பிடுங்கி எடுப்பது. ஸ்காகிட், ஸ்டில்லகுவாமிஷ், ஸ்னோஹோமிஷ் என்று ப்யூஜெட் சவுண்ட் கடற்கழியில் வந்து விழும் ஆறுகளெல்லாம் அதன் வேலைக்களம். அதற்கு முன்னால் 'ஸ்வினோமிஷ்' என்ற படகு இதே வேலையைச் செய்தது. அதற்கும் முன்னால் 'ஸ்காகிட்'. மூன்று படகும் சேர்ந்து ஏறத்தாழ நூறு வருஷம்.

அதே ஸ்டில்லகுவாமிஷ் ஆற்றங்கரைக்கு இப்போது நீளமான லாரிகளில் மரங்கள் வருகின்றன. கிளை கழித்திருக்கிறார்கள், வேரை மட்டும் கழிக்கவில்லை. அடிமரத்தோடு ஒட்டிய வேர்த்தூர் ஆள் உயரத்துக்கும் மேலே விரிந்து, மண்ணும் கூழாங்கல்லும் உதிர உதிர வருகிறது. பொக்லைன் இயந்திரம் அதைத் தூக்கி, வேர்ப்பக்கம் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும்படி ஆற்றில் கிடத்துகிறது. அதன்மேல் குறுக்காக ஒன்று, அதற்குக் குறுக்காக இன்னொன்று, இடைவெளியில் சின்னக் கட்டைகள், மேலே சரளை. அந்த ஊரில் இதை 'என்ஜினியர்டு லாக் ஜாம்' என்கிறார்கள். நாம் கட்டைக்குவியல் என்றே சொல்லலாம். நூறு வருஷம் பிடுங்கிய ஊரில் போடத் தொடங்கியது எப்படி என்பதுதான் இது பிறந்த கதை.

பிடுங்கியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு ஆறு என்பது சாலை. ரயில் வராத நாட்டில் சாமானும் ஆளும் படகில்தான் போக வேண்டும். அடிமரம் சேற்றில் புதைந்து, முனை மட்டும் தண்ணீருக்குக் கீழே பதுங்கி நிற்கும் ஒரு மரம் போதும், படகின் வயிற்றைக் கிழித்துவிடும். மிசிசிப்பியில் அப்படி மூழ்கிய படகுகள் ஏராளம். ஹென்றி ஷ்ரீவ் என்ற படகுத் தலைவர் இதற்கென்றே ஒரு கப்பலை வடிவமைத்தார். 1829-ல் வேலையைத் தொடங்கிய அதன் பெயர் 'ஹீலியோபோலிஸ்'. அருகருகே இரண்டு உடல்கள், முன்னால் இரும்புத் தகடு போர்த்த உத்திரம். முழு வேகத்தில் போய் மரத்தில் மோதி, பெயர்த்து, தூக்கி, அறுத்துப் போடும். இந்த வகைக் கப்பல்களுக்கு மக்கள் வைத்த பெயர் 'அங்கிள் சாமின் பல்பிடுங்கி'.

லூசியானாவின் செவ்வாற்றில், அதாவது ரெட் ரிவரில், நூறு மைலுக்கும் மேல் நீளமாக மரங்கள் அடைந்து கிடந்தன. பெருந்தெப்பம் என்ற பொருளில் 'கிரேட் ராஃப்ட்' என்று அதை அழைத்தார்கள். ஷ்ரீவ் 1833-ல் அதை உடைக்கத் தொடங்கினார். ஷ்ரீவ்போர்ட் நகரம் அவர் பெயரைத்தான் சுமக்கிறது. அவர் உடைத்த பிறகும் மரங்கள் மறுபடி வந்து அடைந்தன. கடைசியில் 1873-ல் நைட்ரோகிளிசரின் வைத்துத் தகர்த்த பிறகுதான் வழி திறந்தது. வழி திறந்ததும் பக்கத்து ஏரிகளில் நீர்மட்டம் இறங்கியது. அந்த ஏரிநீரை நம்பிப் படகுத் துறையாக வளர்ந்திருந்த டெக்சாஸின் ஜெஃபர்சன் என்ற ஊர் துறையை இழந்து சுருங்கிப்போனது. கட்டைகள் வெறுமனே கிடக்கவில்லை, தண்ணீரைத் தாங்கிப் பிடித்திருந்தன என்பதற்கு அன்றே கிடைத்த சாட்சி அது. அதை யாரும் அந்தக் கண்ணோடு பார்க்கவில்லை.

வாஷிங்டனிலும் அதுவேதான் நடந்தது. ஸ்காகிட் ஆற்றில் மவுண்ட் வெர்னன் அருகே ஆற்றை மூடிக் கிடந்த குவியலின்மேல் மரங்கள் முளைத்து வளர்ந்திருந்தன. அவ்வளவு பழையது. 1870-களின் பிற்பகுதியில் குடியேறியவர்கள் கோடரியும் ரம்பமுமாக இறங்கி, வருஷக்கணக்கில் வேலை செய்து அதைத் திறந்தார்கள். பிறகு காடு வெட்டுபவர்கள் வந்தார்கள். மலை ஓடைகளில் மரத்தாலேயே தற்காலிக அணை கட்டி, தண்ணீரைத் தேக்கி, வெட்டிய மரங்களை அதில் நிரப்பி, ஒரே நேரத்தில் திறந்துவிடுவார்கள். அந்தச் செயற்கை வெள்ளம் மரங்களோடு ஓடையின் சரளையையும் வாரிக்கொண்டு போகும். பல ஓடைகளில் அடிப்பாறை மட்டும் மிஞ்சியது.

இதுவரை சொன்னதில் மீனை நினைத்தவர் யாருமில்லை. அடுத்து நடந்ததுதான் என் மனதை அறுக்கிறது, ஏனென்றால் அதைச் செய்தவர்கள் மீனுக்காகவே வாழ்ந்தவர்கள். 1950-கள் தொடங்கி 1970-கள் வரை, மீன்வளத் துறைகளே ஆளனுப்பி ஓடைகளிலிருந்து கட்டைகளை அகற்றின. காடு வெட்டிய கழிவு ஓடைகளை அடைத்து, தண்ணீரின் ஆக்சிஜனைக் குறைத்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள். கடலிலிருந்து முட்டையிட ஏறிவரும் சால்மன் மீன் அந்த அடைப்பைத் தாண்ட முடியாது என்று நம்பினார்கள். கழிவையும் பழைய மரத்தையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. ரம்பம், வின்ச், வெடி, எது கைக்குக் கிடைத்ததோ அதை வைத்துக் கிலோமீட்டர் கிலோமீட்டராகத் துடைத்து எடுத்தார்கள். வேலை முடிந்த ஓடை பார்க்க அழகாக இருந்தது. கண்ணாடித் தண்ணீர், தங்குதடையில்லாத ஓட்டம். மீனுக்கு அங்கே நிற்க இடமில்லை.

ஏன் இல்லை என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஆற்றில் தூண்டில் போட்டு வளர்ந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த சங்கதி. குரவையும் விராலும் வேண்டுமென்றால் வேர் தொங்கும் கரையோரத்தைத்தான் முதலில் தேடுவோம். சால்மனுக்கு அந்தத் தேவை இன்னும் அதிகம். கோஹோ என்ற வகையின் குஞ்சு சரளைக்குள் பொரிந்து, மேலே வந்து, ஒரு வருஷத்துக்கு மேல் ஆற்றிலேயே வளர்ந்துவிட்டுத்தான் கடலுக்குப் போகும். முதல் குளிர்காலத்தில் அது ஒரு விரல் நீளம்தான். குளிர்காலம் அங்கே மழைக்காலம். ஆறு கரை புரண்டு வரும்போது அந்த விரல் நீள உயிர் எதிர்நீச்சல் போட்டுக்கொண்டே இருக்க முடியாது. ஓட்டம் தணிந்த ஒரு மடு வேண்டும், ஒதுங்க ஒரு வேரிடுக்கு வேண்டும். கோடையில் அதே மடு குளிர்ச்சியான ஆழம் தருகிறது. மேலே கிடக்கும் கட்டை மீன்கொத்தியின் கண்ணிலிருந்து மறைக்கிறது. கட்டையில் தங்கும் சருகு அழுகி, அதைத் தின்னும் பூச்சிகள் பெருகி, அந்தப் பூச்சி குஞ்சுக்கு இரையாகிறது.

முட்டையிடுவதற்கும் கட்டை வேண்டும். பெண் சால்மன் பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் சரளையை அடித்து அடித்துக் குழி பறித்து முட்டையிட்டு மூடும். குழிக்குச் சரியான அளவுக் கூழாங்கல் தேவை. பாறை மட்டும் இருந்தால் பறிக்க முடியாது, வண்டல் மட்டும் இருந்தால் முட்டை மூச்சு முட்டிச் சாகும். ஓட்டத்தை ஓரிடத்தில் விரைவாக்கி, இன்னோரிடத்தில் தணித்து, கல்லையும் மணலையும் தனித்தனியே சலித்து வைப்பது ஆற்றில் கிடக்கும் மரம்தான். முட்டையிட்டு முடித்த சால்மன் செத்து மிதக்கும்போதும் அதே மரம்தான் உடலைத் தடுத்து நிறுத்துகிறது. கரடி இழுத்துக்கொண்டு போகும், கழுகு தூக்கிக்கொண்டு போகும், மிச்சம் மண்ணில் சேரும். ஆற்றோரத்து ஸ்ப்ரூஸ் மரங்களுக்குள் கடலிலிருந்து வந்த நைட்ரஜனை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். மீன் மரமாகிறது, மரம் விழுந்து மீனுக்கு வீடாகிறது. இந்தச் சுற்றில் விழுந்த மரத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

உண்மை முதலில் வெளிப்பட்டது ஓரிகன் மாநிலத்தில், எச். ஜே. ஆண்ட்ரூஸ் ஆய்வுக் காட்டில். 1970-களில் அங்கே வேலை செய்த நிலவியலாளர் ஃபிரெட் ஸ்வான்சன், நீரியல் உயிரியலாளர் ஜிம் செடல் முதலியோர் பழங்காட்டு ஓடைகளில் கிடக்கும் மரங்களை அளக்கத் தொடங்கினார்கள். எத்தனை மரம், எவ்வளவு பெரிது, எத்தனை காலமாகக் கிடக்கிறது, அதற்குப் பின்னால் எவ்வளவு மண் தங்கியிருக்கிறது. கோடரி படாத காட்டில் ஓடை நிறைய மரம் கிடப்பதுதான் இயல்பு, துடைத்த ஓடைதான் நோய்ப்பட்டது என்பது மெல்ல மெல்லத் தெளிவானது. ஸ்வான்சனும் செடலும் லீன்காம்பர் என்ற ஆய்வாளரும் 1976-ல் இதை எழுதி வெளியிட்டார்கள். 'பிரெஸ்டன்' படகு அப்போதும் வேலையில்தான் இருந்தது.

மரத்தைத் திரும்பப் போடலாமே என்ற எண்ணம் அதற்கும் மூத்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். மிச்சிகனில் கார்ல் ஹப்ஸும் அவரோடு இருந்தவர்களும் டிரௌட் மீனுக்காக ஓடைகளில் கட்டைகளை வைக்கும் முறைகளை 1932-லேயே எழுதினார்கள். வேலையில்லாத இளைஞர்களைத் திரட்டிய அரசுத் திட்டம் 1933-ல் வந்தபோது, அந்தப் பையன்கள் நாடெங்கும் ஓடைகளில் கட்டைத் தடுப்புகள் கட்டினார்கள். மிச்சிகனின் ஊற்றுநீர் ஓடைகள் சாது. வருஷம் முழுக்க ஒரே அளவாக ஓடுபவை. அதே தடுப்பை மேற்கு மலைகளின் காட்டாற்றில் கட்டினால் முதல் பெருவெள்ளமே கழுவிவிடும். கழுவியது. 1980-களில் இரும்புக் கம்பிவடம் போட்டு, பாறையில் துளையிட்டு, கட்டையைக் கட்டிப்போட்டுப் பார்த்தார்கள். ஃபிரிசெல், நாவா என்ற இருவர் ஓரிகனிலும் வாஷிங்டனிலும் 15 ஓடைகளில் 161 அமைப்புகளை வெள்ளத்துக்குப் பிறகு பரிசோதித்து 1992-ல் எழுதினார்கள். நடுத்தரமான ஓர் ஓடையில் நூற்றுக்கு அறுபது சேதம். வடம் அறுந்து தொங்கியது, கட்டை மேட்டில் கிடந்தது, இல்லையென்றால் ஆறே வேறு பக்கம் போயிருந்தது.

எல்லாரும் கேட்ட கேள்வி, கட்டையை எப்படிக் கட்டி நிறுத்துவது என்பது. ஆறு தானாகச் சேர்த்த கட்டைகள் யாரும் கட்டாமலே எப்படி நிற்கின்றன என்று கேட்க ஒருவர் வர வேண்டியிருந்தது.

டிம் ஆப்பே அப்போது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர், டேவிட் மாண்ட்கோமரி அவருடைய பேராசிரியர். அவர்கள் தேர்ந்தெடுத்தது ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் ஓடும் குவீட்ஸ் ஆறு. அங்கே கரையில் பழங்காடு அப்படியே நிற்கிறது. பல பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத சிட்கா ஸ்ப்ரூஸ், டக்ளஸ் ஃபிர், சீடர். கரை அரித்து அவை வேரோடு ஆற்றில் சாய்கின்றன. ஆற்றில் வரும் மரங்களில் பெரும்பாலானவை ஓடிவிடும், ஒன்றிரண்டு மட்டும் தட்டி நின்றுவிடும். நிற்பவை எவை? வேர்த்தூரோடு வந்தவை, ஆற்றின் அளவோடு ஒப்பிட்டால் மிகப் பெரியவை. ஏறத்தாழ ஆற்றின் அகலத்தில் பாதிக்கு மேல் நீளம், வெள்ள ஆழத்தில் பாதிக்கு மேல் பருமன். வேர்த்தூர் நங்கூரம்போல அடியில் பதிந்து, மரம் தானாகவே திரும்பி, வேர் மேல்நீரைப் பார்த்தபடி ஓட்டத்துக்கு இணையாகக் கிடந்துவிடுகிறது. பின்னால் வரும் சின்னக் கட்டைகளெல்லாம் அந்த வேரில் வந்து மாட்டுகின்றன.

இனி தண்ணீர் பார்த்துக்கொள்ளும். வேர்ச் சுவரில் மோதிய ஓட்டம் கீழ்நோக்கிப் பாய்ந்து, முன்னால் பிறை வடிவத்தில் ஆழமான மடுவைத் தோண்டுகிறது. பின்னால் ஓட்டம் தணிந்த நிழலில் சரளையும் மணலும் படிந்து திட்டு எழும்புகிறது. திட்டில் ஆல்டர் மரத்தின் விதை விழுந்து முளைக்கிறது. திட்டு தீவாகிறது, ஆறு இரண்டாகப் பிரிகிறது, பக்கக் கால்வாய் பிறக்கிறது. குவீட்ஸ் பள்ளத்தாக்கில் முதிர்ந்த காடு நிற்கும் இடங்களைத் தோண்டிப் பார்த்தால், அடியில் பழைய கட்டைக்குவியல். மரம் முதிரும்வரை ஆற்றின் அரிப்பிலிருந்து அந்த மண்ணைக் காத்தது அதுதான். சில குவியல்கள் நூற்றாண்டுகளாக நகரவில்லை. ஆப்பேயும் மாண்ட்கோமரியும் 1996-ல் வெளியிட்ட கட்டுரை இதை விளக்கியது.

கட்டுரை வெளிவருமுன்பே சோதனை நடந்துவிட்டது. பேக்வுட் என்ற ஊருக்கு அருகே மேல் கவ்லிட்ஸ் ஆறு கரையை வெட்டிக்கொண்டே வந்தது. இந்த மாதிரி இடத்தில் வழக்கமாகப் பாறாங்கல்லைக் கொட்டிக் கரையைக் கவசமிடுவார்கள். கல் கரையைக் காக்கும், மீனுக்கு ஒன்றும் தராது. அங்கே 1995 டிசம்பரில் கல்லுக்குப் பதிலாக மூன்று கட்டைக்குவியல்களைக் கட்டினார்கள். குவீட்ஸ் ஆறு காட்டிக்கொடுத்த முறையிலேயே, வேர் மேல்நீரைப் பார்க்க, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாரத்துக்குச் சரளையை ஏற்றி. மரம் மிதக்கும் பொருள். அதை அமுக்கிவைப்பது மேலேயுள்ள மரத்தின் எடையும் மண்ணின் எடையும்தான்.

ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. 1996 பிப்ரவரியில் வடமேற்கு மாநிலங்களையே மூழ்கடித்த பெருவெள்ளம் வந்தது. கவ்லிட்ஸில் அது இருபது வருஷத்துக்கொருமுறை வரும் அளவு வெள்ளம். பாலங்கள் போயின, சாலைகள் போயின. அந்த மூன்று குவியல்களின் கதி என்ன ஆகும் என்று கட்டியவர்கள் எப்படித் தவித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். வடிந்த பிறகு பார்த்தால் மூன்றும் இருந்த இடத்தில் இருந்தன. இருந்தது மட்டுமா, வெள்ளத்தில் வந்த 90 டன்னுக்கும் மேற்பட்ட கட்டைகளைப் பிடித்து வைத்துக்கொண்டு பெருத்திருந்தன. அரித்துக்கொண்டிருந்த கரையில் இப்போது மண் படிந்துகொண்டிருந்தது.

1998-ல் ஸ்டில்லகுவாமிஷின் வடகிளையில் ஐந்து குவியல்கள் எழுந்தன. அங்கே கரை காப்பது நோக்கமல்ல, மீன்தான் நோக்கம். அடுத்த ஆண்டு, 1999 மார்ச்சில், ப்யூஜெட் சவுண்டின் சினூக் வகைச் சால்மன் அழியும் ஆபத்திலுள்ள உயிர்களைக் காக்கும் சட்டத்தின் கீழ் வந்தது. அதோடு இந்த வேலைக்கு அரசுப் பணமும் அவசரமும் சேர்ந்தன.

இந்த ஆறுகளின் பழங்குடிகளை விட்டுவிட்டுக் கதையைச் சொல்ல முடியாது. 1850-களின் உடன்படிக்கைகளில் அவர்கள் நிலத்தைக் கொடுத்தார்கள், வழக்கமான துறைகளில் மீன் பிடிக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. அந்த உரிமையைக் கேட்டு அடிபட்டுச் சிறை போனார்கள். 1974-ல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி அவர்களுடையது என்று தீர்ப்பளித்தார். ஆற்றில் மீனே இல்லையென்றால் எதில் பாதி? அதனால்தான் பல ஆறுகளில் கட்டைக்குவியல் வேலையை முன்னின்று நடத்துவது பழங்குடி அரசுகளின் மீன்வளப் பிரிவுகள்.

வாஷிங்டனின் எல்வா ஆற்றில் 1913-லும் 1927-லும் கட்டிய இரண்டு அணைகள் மீனை மேலே விடவில்லை, மரத்தையும் சரளையையும் கீழே விடவில்லை. லோயர் எல்வா கிளாலம் பழங்குடி மக்கள் அணைகளை இடிக்கப் போராடிக்கொண்டிருந்தபோதே, அணைக்குக் கீழே பட்டினி கிடந்த ஆற்றில் கட்டைக்குவியல்களைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். அணை இடிப்பு 2011-ல் தொடங்கி 2014-ல் முடிந்தது. நூறு வருஷம் தேங்கிய மணலும் மரமும் கீழே இறங்கி வந்தபோது, பிடித்து வைக்கக் கைகள் தயாராக இருந்தன.

ஆபத்தும் உண்டு. சிறுபடகில் வருபவர் ஓட்டத்தோடு இழுபட்டுக் கட்டைகளுக்கு இடையே சிக்கினால் உயிர் போய்விடும். குவியல் வடிகட்டிபோலத் தண்ணீரை விட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளும். அதனால் மேல்நீரில் எச்சரிக்கைப் பலகை வைக்கிறார்கள், படகோட்டிகளைக் கேட்டுவிட்டு இடத்தைத் தேர்கிறார்கள். கட்டை பெயர்ந்து போய்ப் பாலத்தில் அடைத்தால் என்னாவது என்பதும் நியாயமான பயம். மேலே காடு மொட்டையாகி மண் சரிந்துகொண்டிருக்கும் ஆற்றில் கீழே நாலு கட்டை போட்டு மீன் வரவில்லை என்றால், குறை கட்டையில் இல்லை.

வேலை செய்பவர்கள் இதை நிரந்தரமாக நினைப்பதும் இல்லை. ஈரத்தில் கிடக்கும் சீடர் நெடுங்காலம் தாங்கும், என்றாலும் கொண்டுவந்து போட்ட கட்டை ஒருநாள் மக்கும். ஆறு தனக்கு வேண்டிய மரத்தைத் தானே சாய்த்துக்கொள்ள, கரையில் பெரிய மரம் நிற்க வேண்டும். வெட்டப்பட்ட கரைகளில் இப்போது நிற்பது பெரும்பாலும் மெல்லிய ஆல்டர். ஆற்றை நிறுத்தும் பருமனுக்கு ஒரு ஸ்ப்ரூஸோ சீடரோ வளர நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். லாரியில் வரும் மரம் அந்த இடைக்காலத்துக்கான கைமாற்று.

ஆகவே பொக்லைன் போன பிறகு, மண்வெட்டியோடு ஆட்கள் வருகிறார்கள். குவியலுக்குப் பின்னால் புதிதாக எழுந்த திட்டிலும், பக்கத்துக் கரையிலும் கன்று நடுகிறார்கள். சீடர் கன்று முழங்கால் உயரம்தான். மான் கடிக்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை, சாயாமல் இருக்க ஒரு குச்சி. நாலடி தள்ளி, வேர்த்தூருக்கு முன்னால் தோண்டிய பிறைமடுவில், விரல் நீளக் குஞ்சுகள் ஓட்டத்துக்கு முகம் காட்டி அசையாமல் நிற்கின்றன.